சுடலைக்கு, வேட்டி விஷயமாக

பிராண்டன், மனிட்டோபா, கனடா
ஆகஸ்ட் 18

லே சுடலை,

இங்கே எல்லோரும் நலம். மதினி, பிள்ளைகள் நலமா? கடையில் வியாபாரம் எப்படி? இதற்கெல்லாம் நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரியும். கேட்பது கடமை.

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனிலும் "என்னடே, சரிடே" என்று நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். மாமா காரியத்துக்கு வராமல் போனதிலிருந்து உன்னிடம் பேச்சுக் கொடுக்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. டிக்கெட் விலை, லீவு, பனிப்புயல் என்று அப்போது சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனாலும் வந்திருக்கலாம். சரி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

இப்போது எழுதும் காரணம் வேறு. எனக்கு அந்துப்பூச்சிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கோடை ராத்திரிகளில் கொல்லையில் ஊதா விளக்கு ஒன்றை எரியவிட்டு, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆள் ஏதோ மந்திரவாதம் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஜூன் மாதம் ஒருநாள் காற்றில் அவர் துணி கிழிந்துவிட்டது. வெள்ளையாக ஏதாவது இருக்குமா என்று வேலிப் பக்கம் வந்து கேட்டார். கைக்கு அகப்பட்டது அம்மா பொங்கலுக்கு அனுப்பிய எட்டு முழ வேட்டி. பச்சைக் கரை, மடிப்புக்கூடக் கலையாதது. கொடுத்தேன். கொடுத்த பாவத்துக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

இங்கே ஜூனில் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகிவிடும். பதினொரு மணி வரை கொசுவுக்குத்தான் விருந்து. பதினொன்றரைக்கு இருட்டிலிருந்து வௌவால் மாதிரி ஒன்று வந்து வேட்டியில் அறைந்தது. விரித்த கையளவு. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முயல்குட்டி ரோமம், இறக்கைக்கு ஒன்றாக நாலு கண். பின்னிறக்கைக் கண்கள் பெரிசு, நீலமும் கறுப்பும் மஞ்சளுமாக. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். கண்ணின் நடுவில் மட்டும் செதிலே இல்லை, மைக்கா தாள் போல ஒரு சின்னச் சன்னல். அதன் வழியாக என் வேட்டியின் நெசவு தெரிந்தது. ஊடும் பாவும் தனித்தனியாக, இழை எண்ணலாம் போல.

பாலிஃபீமஸ் என்றார் வாத்தியார். நம்ம டசர் பட்டுப் பூச்சிக்குப் பங்காளி. அதற்குத் தின்ன வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாள் ஓட்டும், ஜோடி தேடும், முட்டையிடும், செத்துவிடும். நம்ம கோயில்பிச்சை கல்யாணத்துக்கு முன்னால் வாழ்ந்த வாழ்க்கைக்கு நேர் எதிர்.

அன்றைக்கு விழுந்ததுதான். வாரத்துக்கு மூன்று ராத்திரி இப்போது அங்கேதான் இருக்கிறேன். பட்டாம்பூச்சி என்றால் ஊரே வாயைப் பிளக்கும், இந்தப் பக்கம் யாரும் திரும்புவதில்லை. ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு மட்டும் 2010இல் ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டும் சேர்த்து 2,367 இனம். அதில் பட்டாம்பூச்சி இருநூறு தேறாது. மிச்சம் எல்லாம் நம்ம ஆட்கள்.

வாத்தியாரிடம் கட்டுக்கட்டாகப் பரவல் வரைபடங்கள் உண்டு. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மனிட்டோபா மூன்றின் எல்லையும் கோடாகப் போட்டு, ஒவ்வோர் இனமும் கிடைத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. தெற்கே புல்வெளி, நடுவில் ஆஸ்பென் மரக்கூட்டம், வடக்கே ஊசியிலைக் காடு. சில பூச்சி இந்தப் பட்டைகளுக்குள் ஒழுங்காக அடங்கும். சில பூச்சிக்கு வரைபடம் முழுக்க ஒரே ஒரு புள்ளி. ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கு மூலையில், மில்க் ஆற்றுப் பக்கம் யூக்கா செடி இயற்கையாக வளர்கிற இடம் இரண்டே இரண்டு. அந்தச் செடிக்கு மகரந்தம் வைப்பது யூக்கா அந்து ஒன்றுதான். மகரந்தத்தைத் தாடைக்குக் கீழே உருண்டையாகச் சுருட்டி எடுத்துப்போய், அடுத்த பூவில் வேண்டுமென்றே அமுக்கி வைக்கும். தன் பிள்ளைகள் தின்ன விதை வேண்டும் என்பதால்தான். செடி போனால் பூச்சி போச்சு, பூச்சி போனால் செடிக்கு விதை இல்லை.

இந்த வரைபடங்களையே ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு சந்தேகம். புள்ளியெல்லாம் ஏன் ரோட்டோரமாகவே விழுகிறது? காலேஜ் இருக்கிற ஊரில் மட்டும் ஏன் பூச்சி இப்படிக் குவிகிறது? வாத்தியார் சிரித்துவிட்டு, "ஆள் விளக்கோடு உட்கார்ந்த இடமெல்லாம் புள்ளிதான்" என்றார்.

ஹாஸ்டலில் உனக்கு ஒரு பரவல் வரைபடம் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வார்டன் உன்னைப் பார்த்தது பூராவும் பாய் டீக்கடையில். ஆகவே சுடலைமுத்துவின் வாழிடம் டீக்கடை, உணவு வாழைக்காய் பஜ்ஜி என்று எழுதியிருப்பார். (அது அப்படி ஒன்றும் தப்பில்லை என்பது வேறு.)

இதற்கு இந்த ஊர்ப் பக்கமே ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இங்கிருந்து தென்கிழக்கே, காரில் முக்கால் மணி நேரம் போனால் அவீம். இப்போது ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. 1882இல் இங்கிலாந்திலிருந்து கிரிடில் குடும்பம் வந்து அங்கே நிலம் எடுத்தது. அப்பா பெர்சி கிரிடில், மனைவியையும் இன்னொரு பெண்ணையும் இருவர் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக் குடித்தனம் நடத்திய ஆசாமி. நம்ம சிநேகிதன் ஐன்ஸ்டீனிடம் சொல்லாதே, பொறாமையில் வெந்துபோவான். அவர் மகன் நார்மன் வீட்டிலேயே படித்து, அந்த நிலத்திலேயே திரிந்து, பின்னால் அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனவர். உனக்கு அவரைப் பிடிக்கும். வெட்டுக்கிளிக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, குதிரைச் சாணத்தில் உப்பும் பாரிஸ் பச்சை என்ற ஆர்செனிக் விஷமும் கலந்தது. கிரிடில் கலவை என்றே பேர். ஒரு மூட்டை வாங்கி உன் உரக்கடையில் வைத்துப் பார், மதினி உன்னையும் மூட்டையையும் சேர்த்து வெளியே தள்ளுவார்.

அந்த நார்மன் 1905 ஆகஸ்டில் தன் நிலத்தில் ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்தார். புது இனம். 1908இல் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள், அவீம் துளைப்பான் என்று. அதன் பிறகு அது யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. எப்போதோ, எங்கேயோ ஒன்றிரண்டு. அவீம் மணல்மேட்டுப் பக்கம் இருக்கிற ஊர். ஆகவே இது மணலில் வாழ்கிற பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் மணல்மேடு மணல்மேடாகத் தேடினார்கள். கடைசியில் அது நன்றாகக் குடியிருக்கிற இடம் தெரிந்தபோது நூறு வருஷம் தாண்டிவிட்டது. எங்கே தெரியுமா? சதுப்பில். கால் வைத்தால் சளக்கென்று உள்ளே போகிற சதுப்பு நிலத்தில், பாக்பீன் என்ற நீர்ச்செடிக்குள் துளைத்துத் தின்கிற புழு அது. நார்மன் கையில் கிடைத்தது வழிதவறி வந்த ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

ஒரு பூச்சி, ஒரு ராத்திரி, ஒரு புள்ளி. அதை நம்பி நூறு வருஷம் தப்பான இடத்தில் தேடியிருக்கிறார்கள். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. செல்வி, "கம்பெனிக் கணக்கு இடித்தபோதுகூட நீங்கள் இப்படிப் புரளவில்லையே" என்றாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் அந்த மணலைப் பார்க்கவே போனேன். ஸ்பிரிட் சாண்ட்ஸ் என்று பேர். மணல்தேரி என்றால் உனக்குப் புரியும். குதிரைமொழித் தேரி சிவப்பு, இது வெளிறிய தவிட்டு நிறம், மற்றபடி செருப்புக்குள் புகுந்து கடிக்கிற கடி அதேதான். தரையோடு தரையாகக் கள்ளிகூட இருக்கிறது. ஜனவரியில் மைனஸ் நாற்பது தொடுகிற தேசத்தில் கள்ளி! பனியுகம் முடிகிற சமயத்தில் அசினிபாயின் ஆறு ஒரு மாபெரும் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிய மணல் இது. ஏரி வற்றிவிட்டது, மணல் மிச்சம்.

இங்கே தேடியது பொன்விளிம்பு ரத்தினம் என்று நானே தமிழ்ப் பேர் வைத்திருக்கிற ஒன்றை. கட்டைவிரல் நகத்தளவு பூச்சி. அதன் புழு தின்பது ஒரே செடியை, காட்டுச் சூரியகாந்தி. அந்தச் செடிக்கோ புல் மூடாத, காற்றில் நகர்கிற மணல் வேண்டும். மூன்று மணி நேரம் சூரியகாந்திப் பூ ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். தேனீ இருந்தது, வண்டு இருந்தது, ஒரு சிலந்தி இருந்தது. ரத்தினம் இல்லை. முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அங்கே கண்ட இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. மணல் பச்சையாகிக்கொண்டு வருகிறது. பச்சையானால் நல்லதுதானே என்று நீ கேட்பாய், நானும் அதைத்தான் கேட்டேன். காட்டெருமைக் கூட்டம் மிதித்துப் புரட்டிய காலம் போச்சு. புல்வெளித் தீயை அணைத்துவிடுகிறோம். புல் ஓரத்திலிருந்து ஏறி ஏறி மணலைப் பிடித்துக்கொள்கிறது. திறந்த மணலாக அங்கே மிச்சம் இருப்பது சுமார் 4 சதுர கிலோமீட்டர். போதாததற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு களை, ஒடித்தால் பால் வடிகிற நம்ம திருகுகள்ளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைத் தின்னட்டும் என்று ஐரோப்பாவிலிருந்தே பருந்து அந்து ஒன்றைக் கொண்டுவந்து 1960களில் விட்டார்கள். பூச்சி பிழைத்துக்கொண்டது, களை அசரவில்லை. ரத்தினம் அழியும் நிலையில் இருப்பதாக 2006இலேயே மதிப்பிட்டுவிட்டார்கள். ஒருத்தரும் வெட்டவில்லை, உழவில்லை, மருந்தடிக்கவில்லை. சும்மா விட்டதாலேயே ஒரு இடம் அழியும் என்பது எனக்குப் புதுசு.

உன் தொழிலுக்கு ஆகிற செய்தி இரண்டு. ஒன்று, முட்டைக்கோஸ்காரர்கள் உன்னிடம் மருந்து கேட்டு வருகிற அதே வைரமுதுகு அந்து இங்கேயும் உண்டு. கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் வயலில் விழுகிறது. இந்தக் குளிரில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது, ஒவ்வொரு வசந்தத்திலும் தெற்கிலிருந்து காற்றோடு புதுசாக வந்து இறங்கும். இன்னொன்று படைவெட்டுப்புழு. வசந்தத்தில் சமவெளி வயலைத் தின்றுவிட்டு, அந்துப்பூச்சியாகி, வெயில் ஏறியதும் ராக்கி மலை உச்சிக்குப் பறந்துவிடும். பகலில் பாறை இடுக்கு, ராத்திரி மலைப்பூத் தேன். அங்கே கிரிஸ்லி கரடி பாறையைப் புரட்டிப் புரட்டி ஒரே நாளில் 40,000 பூச்சி வரை தின்னும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தப்பியது இலையுதிர் காலத்தில் சமவெளிக்குத் திரும்பி முட்டையிடும். இதற்கு நீ எங்கே புள்ளி வைப்பாய்?

கடைசியில் வைத்துக்கொள்வோம் என்றேன் இல்லையா?

அந்த முதல் ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மாமா குரல் கேட்டது. "லைட்டை அமத்துங்கலே." மழை விட்ட சாயங்காலம், வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, திண்ணையில் ஒரே ஒரு குண்டு பல்பு. அதற்குக் கீழே அகலச் சட்டியில் தண்ணீர். ஈசல் சொரியும். நாம் இரண்டு பேரும் சட்டியில் கைவிட, அவர் விசிறிக் காம்பால் ஒன்று போடுவார். மறுநாள் வறுத்த ஈசலில் பெரிய பங்கு எனக்குத்தான் வரும், நீ முறைப்பாய். அன்றைக்கே உனக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். உனக்குக் காலை பத்து மணி, கடை திறக்கிற நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன்.

ஜனவரியில் மாமா திதிக்கு வந்துவிடுவேன். டிக்கெட் போட்டாயிற்று, பனிப்புயல் வந்தாலும் சரி. அந்தக் குண்டு பல்பு ஹோல்டர் திண்ணையில் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.

அப்புறம், அம்மா உனக்குப் போன் செய்தால் வேட்டியைப் பற்றி மூச்சு விடாதே. மூன்று தரம் துவைத்தும் தவிட்டு நிறக் கறை போகவில்லை, கரை ஓரத்தில் ஒரு பூச்சி முட்டை வேறு இட்டு வைத்திருக்கிறது. நான் அதைப் பொங்கலன்று கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உன்னிடம் பச்சைக் கரை வேட்டி இருந்தால் ஜனவரி வரை எடுத்து வை.

உன்,
பெருமாள்