தி.நகரில் ஒற்றைச் சிலை

மேற்கு மாம்பலம், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உமது சித்திரை மாதக் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. மாடிவீட்டு மாமி இன்னும் உம்மைத் 'தேங்காய் சாஸ்திரி' என்றே விசாரிக்கிறார்.

சென்ற வாரம் பரணை ஒழித்தபோது அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டி அகப்பட்டது. பாதி கீறல், இரண்டு உடைசல். உடைந்த ஒன்றை வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தால், நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தாளில் என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் என்னும் இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் அருகருகே இருந்தன. விரிசல் பாட்டின் பெயரைப் பிளந்திருந்தது, திரையில் சேர்ந்து சிரிக்கவைத்த இந்தக் கணவன் மனைவியைத் தொடவில்லை.

அன்று மாலையே ஜி.என். செட்டி சாலைக்குப் போய்க் கலைவாணர் என்று பெயரெடுத்த கிருஷ்ணனின் சிலையைப் பார்த்து வந்தேன். நாற்பது ஆண்டுகளாகப் பேருந்திலிருந்து பார்த்த சிலையை நின்று பார்த்தது அன்றுதான். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், உடல் மிகவும் தளர்ந்திருந்த அண்ணா வந்து திறந்துவைத்தது. அவர் பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். இவையெல்லாம் உமக்கும் தெரிந்தவை. என்னை உறுத்தியது, கலைவாணர் அங்கே தனியாக நிற்பது.

'உயிரோடு இருப்பவருக்கு யார் ஐயா சிலை வைப்பார்கள்?' என்று கேட்பீர். உண்மைதான், மதுரம் 1974 வரை வாழ்ந்தார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டனவே! வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. கோடம்பாக்கத்தில் என்.எஸ்.கே. சாலை இருக்கிறது (வாய்க்கு வருவது ஆற்காடு சாலைதான்). மதுரத்தின் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட என் கண்ணில் பட்டதில்லை.

விடுதியில் நாம் கட்டிப்புரண்ட வழக்கு நினைவிருக்கிறதா? மதுரம் வெறும் பக்கவாத்தியம் என்றீர். பாடகர் சிறையில் இருக்கக் கச்சேரியை நடத்திய பக்கவாத்தியத்தை நீர் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இன் இறுதியில் கைதான கலைவாணர், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு திரும்பி வந்து 1947 ஏப்ரலில் விடுதலையாகும்வரை, நாடகக் குழு கலைந்துவிடாமல் காத்ததும், நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு மேடையேற்றியதும், வழக்குச் செலவுக்காகப் 'பைத்தியக்காரன்' படத்தை எடுக்கத் துணிந்ததும் இந்த அம்மையார்தான். கலைவாணர் வெளியே வந்த பிறகு, ஏறக்குறைய முடிந்திருந்த அந்தப் படத்தில் அவருக்கென ஒரு வேடத்தைப் புதிதாகச் சேர்த்தார்களாம். ஏற்கெனவே மணமானவரைக் கைப்பிடித்த பெண்ணுக்கு ஊர் எத்தனை பேசியிருக்கும்? அதையும் சேர்த்துத்தான் சுமந்தார்.

கலையையும் சொல்ல வேண்டும். உங்கள் நாகர்கோவில் வில்லுப்பாட்டில் ஊறியவர் கலைவாணர். நந்தனார் கதாகாலட்சேபத்தின் நடையை எடுத்து, பட்டணத்துக்குப் படிக்கப் போகும் பையனின் கதையாகக் கிந்தனாரைச் செய்தார். பழைய வடிவங்களைக் கண்ணாடிப் பேழையில் வைக்காமல் புழங்கவிட்டவர் அவர். ஆனால் எதிர்ப்பாட்டு என்று வந்தால், அவர் கேள்வியை முடிக்குமுன் மடக்கும் ஆள் எதிரே இருந்ததால்தானே அந்தச் சிரிப்பு பிறந்தது? வாதத்தில் பெரும்பாலும் தோற்கிறவர் கணவராக இருந்தது, அந்தக் காலத்துத் திரையில் சாதாரணமா?

எனவே மனு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாவது சிலை வேண்டும். அது சாலையைப் பார்த்து நிற்கக் கூடாது, அவரைப் பார்த்து, பதில் சொல்லத் தயாராக நிற்க வேண்டும். என் வீட்டம்மா மனுவைப் படித்துவிட்டு, 'முதலில் நம் வீட்டுப் பெயர்ப்பலகையைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்தேன். என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆசாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

கலைவாணர் இதில் நம்மை முந்திவிட்டார். ஒழுகினசேரியில் தாம் கட்டிய வீட்டுக்கு மதுரபவனம் என்றே பெயர் வைத்தாரே! இருவருக்குமான நினைவுச்சின்னம் உமது நடை தூரத்தில் இருக்க, நான் இங்கே தி.நகரில் தேடிக்கொண்டிருக்கிறேன். வடசேரிச் சந்தைக்குப் போகிற வழியில் அங்கே சற்று நின்று, வீட்டு முகப்பில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதும். ஆசாரி அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் பதில் வர வேண்டும், ஐப்பசிக்குச் சித்திரையில் அன்று.

அன்புடன்,
உமது பழைய அறைத்தோழன்