இடது கதவில் நாலு ஓட்டை

கடலூர் ஓ.டி.,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறது. இங்க எல்லாரும் நலம். அம்மா முட்டி வலி பரவாயில்லை. லெட்டர் போடணும், அட்ரஸ் சொல்லுன்னேன். ஆபீஸ் அட்ரஸ் கொடுத்த. ஏன்னு நான் கேக்கலை. பகல்ல வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்க, அதான்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியா இருக்கோம்னு சமைக்காம விட்டுடாதே. தனியான்னா, மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட் போற அன்னிக்குன்னு சொன்னேன்.

டாக்டரோட வெள்ளை ஃபியட் திரும்பி வந்திருக்கு. ஆர்.சி. புக்குல பிரீமியர் பத்மினின்னு இருந்தாலும் நமக்கு ஃபியட்தானே. பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர் வாங்கியிருக்கார். கதவுல கிளிப் போட்டு மாட்டற சைடு பீடிங் பட்டை வேண்டாம், மழமழன்னு இருக்கட்டும்கறார். வேணும்னாலும் கிளிப்புக்கு எங்க போறது, அந்த வண்டி தயாரிப்பு நின்னே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. விரலை மடக்கித் தட்டிக்கிட்டே வந்தேன். தகடுன்னா 'டங்'குனு கேக்கும். கதவுகிட்ட வந்ததும் 'தொத்'துன்னுச்சு. சுரண்டினா, ஓட்டையை மூடப் பூசின பட்டி பிஸ்கட் மாதிரி பேந்து வருது. உள்ள கிளிப் ஓட்டை கதவுக்கு நாலு, அப்படியே இருக்கு. துரு தின்னு சுண்டுவிரல் போற அளவுக்கு ஆயிடுச்சு.

யார் வேலைன்னு உனக்குத் தெரியும்.

வலது பக்கம் முடிச்சிட்டேன். இப்போ சொந்த சிஓடூ வெல்டிங் மிஷின். பெயின்ட், துரு எல்லாம் போற வரைக்கும் வெள்ளைத் தகடா சுரண்டி, கண்ணாடி மேல ஈரச்சாக்கு போட்டு (பொறி பட்டா கண்ணாடி புள்ளி புள்ளியா ஆயிடும்), உள்பக்கம் செப்புத் துண்டை ஒட்டிப் பிடிக்கச் சொல்லி ஒரு பொட்டு. உடனே அடுத்த ஓட்டைக்குப் போய் அங்க ஒரு பொட்டு. ஒரே இடத்துல அடிச்சா கதவு சூட்டுல நெளிஞ்சு தகர டப்பா மாதிரி டொப்பு டொப்புன்னும். உருகின கம்பி செம்புல ஒட்டாது, சூட்டை அது இழுத்துக்கும். விளிம்பு மெலிஞ்ச ஓட்டைக்கு மட்டும் 20 கேஜ் தகட்டுல வட்டமா வெட்டி வச்சேன். கடைசியில துரு பிடிக்காம இருக்க கதவுக்குள்ள ரெட் ஆக்சைடு பெயின்ட். உனக்குப் போய் இதை எழுதறேன் பார். கம்பெனியில ரோபோ அடிச்ச வெல்டைப் பாத்து ஓகே பண்றவளே நீதான். டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அப்படிப்பட்டவளுக்கு அப்பனுக்கு ஒரு போன் பண்ண மூணு வாரம் ஆகுது.

பண்ணினப்போ 'நல்லா இருக்கேன்'னு மூணு தடவை சொன்ன. நான் கேட்டது ஒரு தடவைதான்.

செப்புத் துண்டு அதேதான். பைப்பைப் பிளந்து நான் தட்டினது. 2011ல தானே புயல்ல ஷெட்டு தகரம் பறந்தப்பகூட சேத்துக்குள்ள கிடந்து கிடைச்சது. அப்பல்லாம் கதவுக்குள்ள உன் கைதான் போகும். பழைய ஜீன்ஸ் துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடி, 'போடுப்பா'ம்ப.

அந்தத் தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி டாக்டர் வண்டியைக் கேட்டார். வாடகை மிஷின் கிடைக்கலை. ஓட்டைக்குப் பின்னாடி பேப்பரை ஒட்டி, பட்டியை அப்பி, தேச்சு, பெயின்ட் அடிச்சிட்டேன். வெல்டிங்குன்னு காசும் வாங்கினேன். பட்டி தண்ணி குடிக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுவும் நம்ம ஊர் உப்புக்காத்துல. அடுத்த மழைக்கே கொப்புளம் கிளம்பி அவர் வந்து நின்னப்போ, 'சின்னப் பொண்ணு, விளையாட்டா பட்டி பூசிட்டா சார்'னேன். நீ வாளியில வாட்டர் பேப்பர் நனைச்சுக்கிட்டு இருந்த. பதினோரு வயசு. என்னை ஒரு தடவை பாத்துட்டு, 'ஆமா அங்கிள்'னு சொன்ன. அவர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். மறுநாள்லேர்ந்து நீ ஷெட்டுக்கு வரலை. பொண்ணு படிப்புல கெட்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன்.

ஒரு நாளாவது இதை உன்கிட்ட பேசியிருக்கணும். அடுத்தவன் தப்புக்கு 'ஆமா' சொல்ல உனக்குப் பழக்கிவிட்டதே நான்தான். இனிமே யாருக்காகவும் அப்படிச் சொல்லாதே பாப்பா. நெல்லிக்குப்பம் அத்தை என்னென்னவோ சொல்றா. நான் காதுல வாங்கலை. அம்மாவுக்கும் தெரியாது.

இடது கதவை அப்படியே வச்சிருக்கேன். பையனைப் பிடிக்கச் சொல்லலாம், சொல்லலை. உன் கையும் இப்போ உள்ள போகாதுதான். பாண்டிச்சேரிக்காரருக்கு அவசரமில்லை. ஓசூர்ல ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலையில இங்க. பெட்டி பெரிசா இருந்தாலும் பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ எடுத்துக்கிட்டு வந்து நிக்கறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா