பாட்டில்களைத் தூக்கிப் போடும் முன் விஜிக்கு

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்திக்குப் பல் முளைத்தது, உன் வீட்டுக்காரர் ஒருவழியாக நடைப்பயிற்சியை விடாமல் செய்வது, எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே நாங்கள் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. இவர் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் உள்ள டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுவதை ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி, அடியில் தேதி வேறு போடுகிறார்.

நீ எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசிப் பக்கம்தான். குளிக்க, துவைக்க, துடைக்க, கழுவ, எதற்குமே இனிமேல் கடைச் சாமான் கிடையாது, எல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாய். கூடவே அங்கங்கே படித்து எழுதி வைத்த செய்முறைகளின் பட்டியல். நான் இதில் சில வருஷமாகக் கைநனைத்தவள் என்று என்னிடம் கருத்துக் கேட்கிறாய். சொல்கிறேன். ஆனால் பட்டியலில் பாதியையாவது அடிக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

செய்முறைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று செய். அலமாரியைத் திறந்து, இருப்பதில் எது தேவையே இல்லை என்று பார். என் வீட்டில் பாட்டில்கள் குறைந்ததற்குப் பாதிக் காரணம் நான் எதையோ காய்ச்சி வடித்ததல்ல, சிலதை வாங்காமல் விட்டதுதான். கண்ணாடி துடைக்க ஒரு ஈர மைக்ரோஃபைபர் துணியும் ஒரு உலர்ந்த துணியும் போதும். அறைக்கு வாசனை அடிப்பதற்குப் பதில் ஜன்னலைத் திறந்தால் ஆயிற்று. துணியை மென்மையாக்கும் திரவம் நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிவதால்தான் துணி வழுவழுப்பாகிறது. அதே படலத்தால்தான் குளித்துவிட்டுத் துடைக்கும் துண்டு தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. அப்புறம் அந்த 'கிருமி நாசினி' கைகழுவும் சோப்பு. 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக ஏதாவது செய்கின்றன என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. இந்த நான்கையும் விட்டுவிட்டால் அவற்றுக்கு மாற்று தேட வேண்டிய வேலையும் மிச்சம்.

மீதிக்கு வருவோம். எது நல்லது என்று கேட்கிறாய். எந்த அழுக்குக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். குழாயிலும் கெட்டிலிலும் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தில் கரையும், சோப்புக்கு மசியாது. அடுப்பு மேடையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு நேர் எதிர். அதற்குக் காரமோ சோப்போ வேண்டும். வினிகரை ஊற்றித் தேய்த்தால் கை வலிதான் மிச்சம். பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்து போனதற்குப் பெரும்பாலும் தண்ணீரும் நேரமும் போதும். இரவு ஊற வைத்ததைக் காலையில் விரலால் வழித்துவிடலாம்.

கெட்டிலில் இருந்து ஆரம்பி, பலன் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூள் போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் அப்படியே விட்டுக் கொட்டு. இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அலசிவிடு. வினிகரும் இதைச் செய்யும், ஆனால் வீடு முழுக்க நெடி அடிக்கும். குழாய்க்கு, சரிபாதி தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி வை. கால் மணி, அரை மணிக்கு மேல் வேண்டாம், முலாம் மங்கிப் போகும். பளிங்குக் கல், சுண்ணாம்புக் கல் பக்கம் மட்டும் அமிலத்தைக் கொண்டு போகாதே. உப்புக்கறையும் பளிங்கும் அடிப்படையில் ஒரே பொருள், கறையைத் தின்கிற அமிலம் கல்லையும் தின்னும்.

பிசுக்குக்குச் சலவை சோடா. நீ எல்லா இடத்திலும் சமையல் சோடா என்றே எழுதியிருக்கிறாய். அது மிக மென்மையான காரம், அதன் பி.ஹெச். (7-க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) 8-ஐக் கொஞ்சம் தாண்டும். சலவை சோடா 11-ஐத் தொடும். எண்ணெயை அசைப்பது இரண்டாவதுதான். வெந்நீரில் ஒரு கரண்டி கரைத்துத் துடைத்துப் பார். கையுறை போட்டுக்கொள், அலுமினியப் பாத்திரத்தில் படாமல் பார்த்துக்கொள், கருத்துவிடும். பட்டு, கம்பளித் துணிகளுக்கும் ஆகாது. சமையல் சோடாவைக் கேக் சுடும் ஓவனில், சுமார் 200 டிகிரி செல்சியஸில், ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் போய் அதுவே சலவை சோடாவாக மாறிவிடும். வேடிக்கைக்காக ஒருமுறை செய்து பார்க்கலாம், மற்றபடி பொட்டலமே சௌகரியம்.

இப்போது பேனாவை எடுக்கிறேன். உன் பட்டியலில் பல இடத்தில் வினிகரும் சமையல் சோடாவும் ஒன்றாக வருகிறது. இரண்டும் சேர்ந்ததும் பொங்கும், நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். பொங்குவது கரியமில வாயு. அது அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டன, உன் பிசுக்கும் உப்புக்கறையும் அங்கேயேதான் இருக்கும். அந்தக் கலவையை மூடி போட்டு அடைத்து வைத்தால் பாட்டில் வெடிக்கவும் செய்யும். அடுத்து, சோப்புத் திரவத்தில் வினிகர் கலக்கச் சொல்கிற குறிப்பு. அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து திரிதிரியாகக் கொழுப்பு மிதக்கும். இதையும் அடித்துவிட்டேன்.

பயோ என்சைம் பற்றித்தான் நீ அதிக உற்சாகமாக எழுதியிருக்கிறாய். ஒரு பங்கு வெல்லம் அல்லது சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். நானும் போடுகிறேன், தோல்கள் குப்பைக்குப் போகாமல் உபயோகமாவதில் ஒரு திருப்தி இருக்கிறது. ஆனால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று முடித்தபின் உனக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழ வாசனையுள்ள லேசான புளித்த தண்ணீர். வினிகருக்குத் தம்பி என்று வைத்துக்கொள். தரை துடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் விடலாம், மற்றபடி அற்புதம் எதையும் எதிர்பார்க்காதே. கண்ணாடி ஜாடியில் மட்டும் போடாதே. முதல் மாதம் முழுக்கத் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்று. என்சைம்தான் வேண்டுமென்றால், சொன்னால் நீ சிரிப்பாய், அது கடை டிடர்ஜென்ட்டில்தான் தாராளமாக இருக்கிறது. ரத்தம், எண்ணெய், மாவு என்று ஒவ்வொரு கறையையும் உடைக்க ஒவ்வொன்று. துவைக்க என்சைமைப் பயன்படுத்தும் யோசனைக்கு ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1913-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

துணி சோப்புத் தூள் விஷயத்தில் அதனால்தான் நான் உன்னோடு இல்லை. சோப்புக் கட்டியைத் துருவி, சலவை சோடாவும் போராக்ஸும் கலப்பது உன் குறிப்பு. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசினாகிவிடும். குளியலறைத் தரையில் படியும் அதே சாம்பல் நிறப் படிவுதான் துணியின் நூலுக்குள்ளும் ஏறும். முதல் சில சலவைக்குத் தெரியாது. போகப் போக வெள்ளைத் துணி மங்கி, துண்டு விறைத்து, நாற்றம் பிடிக்கும். டிடர்ஜென்ட்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. போராக்ஸ் மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் தாதுதான், ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. பேத்தி தவழும் வீட்டில் அது எதற்கு? வாசனை சேர்க்காத டிடர்ஜென்ட் ஒன்றை வாங்கு, அளவுக் கிண்ணத்தில் கோடு போட்ட அளவுக்கு மேல் போடாதே, அது போதும்.

பூந்திக்கொட்டையை அடிக்கவில்லை. அதன் தோலில் உள்ள சப்போனின் உண்மையாகவே நுரைக்கும், அழுக்கை எடுக்கும். பட்டு, கம்பளி, கைத்தறி போன்ற மென்மையான துணிகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஆழமான கறைக்குப் போதாது. காய்ச்சிய நீர் வெளியில் வைத்தால் சில நாளில் புளித்துவிடும், அதனால் அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள். கண்ணில் பட்டால் எரியும் எரிச்சல் சாதாரணமானதல்ல.

இனி வருவதைத் தயவுசெய்து இரண்டு முறை படி. எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்வரை பழைய பாட்டில்களும் வீட்டில் இருக்கும் அல்லவா, ஆபத்து அந்த இடைக்காலத்தில்தான். ப்ளீச்சோடு வினிகர், சிட்ரிக் ஆசிட், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், எது கலந்தாலும் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் ஏவிய வாயு அது. மூடிய குளியலறையில் கொஞ்சம் வந்தாலே நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்தால் குளோரமின், அதுவும் அதே ரகம். ப்ளீச் தொட்ட இடத்தில் அன்றைக்கு வேறு எதையும் ஊற்றாதே. உன் பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று பெரிதாக எழுதி ஒட்டு. தண்ணீர் குடிக்கும் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதே. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டு லேபிள் உத்தியோகஸ்தரை நான் கேலி செய்வதில்லை.

சோப்புக் காய்ச்சவும் ஆசை என்கிறாய். காய்ச்சு, அது நிறைவான வேலை. ஆனால் 'காஸ்டிக் சோடா இல்லாத சோப்பு' என்று நீ எழுதி வைத்திருப்பது நடக்காத காரியம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. முடிவில் காரம் எண்ணெயோடு கலந்து தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். எப்போதும் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைப் போடு, காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதே, கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, அலுமினியம் கூடவே கூடாது. எண்ணெயின் அளவைக் கண்மதிப்பில் போடாமல் தராசில் எடை போடு. கட்டியை நாலு முதல் ஆறு வாரம் காய விட்டால் கெட்டிப்பட்டு, நிதானமாகக் கரையும். பேத்தி வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் அடுப்பைப் பற்ற வைக்காதே.

உடம்பில் பூசுகிறவற்றுக்கு வேறு கணக்கு. தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த களிம்பு செய்யலாம், உதட்டுக்கும் பாத வெடிப்புக்கும் நல்லது, ஈரக் கை போடாமலிருந்தால் மாதக்கணக்கில் இருக்கும். அதில் கற்றாழைச் சாறோ பன்னீரோ ஒரு துளி கலந்தாலும் நீர் வந்துவிட்டது, கிருமிக்கு வீடு கிடைத்துவிட்டது. பதப்படுத்தும் பொருள் இல்லாத கிரீம் பார்க்க நன்றாக இருக்கும்போதே கெட்டிருக்கும். சன்ஸ்கிரீன் வீட்டில் செய்யவே கூடாது. வெயிலைத் தடுக்கும் துத்தநாக ஆக்சைடுத் தூளைக் கிண்ணத்தில் கலந்தால் ஓரிடத்தில் திட்டாகவும் ஓரிடத்தில் ஒன்றுமில்லாமலும் நிற்கும், ஒன்றுமில்லாத இடம் எது என்று தோல் கன்றிய பிறகுதான் தெரியும். பற்பசையையும் அடித்துவிட்டேன். பல்லின் எனாமல் பி.ஹெச். 5.5 வாக்கில் கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சைச் சாறு 2-க்கு அருகில் இருக்கிறது. அதைப் போய்ப் பல்லில் தேய்க்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு! ஃப்ளோரைடு உள்ளதை வாங்கிக்கொள், நானும் அதைத்தான் வாங்குகிறேன்.

உன் பூனைக்காக ஒரு வரி. டீ ட்ரீ எண்ணெய் சேர்த்துத் தரை துடைப்பது என்று இருக்கிறதே, வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு அந்தப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் ஜீவன் அது. அதே காரணத்தால் பினாயில் வகையும் ஆகாது. வெந்நீரும் துளி சோப்பும் போதும்.

அடுத்த கடிதத்தில் கெட்டில் என்ன ஆயிற்று என்று எழுது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதையும் சொல், தலைக்குத் தேய்ப்பது பற்றி நீ கேட்டதற்கு அது தெரிந்தால்தான் பதில் எழுத முடியும்.

அன்புடன்,
மாலதி

பி.கு: அடைத்துக்கொண்ட தொட்டிக்கு எந்தப் பொடியும் வேண்டாம். வளைந்த கம்பியை விட்டு முடியை இழுத்து எடு, பிறகு சூடான தண்ணீர் ஊற்று. குழாய் பிளாஸ்டிக் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, மூட்டு இளகிவிடும்.