பதினெட்டுத் தீவும் பதினொரு பெட்டைகளும்

அன்புள்ள ரஞ்சி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. சோம்பலில்லை, நம்பு. மூத்தவளுக்குப் பரோயே தீவுகளில் ஆறு மாத வேலை கிடைத்தது. அவளைக் குடியேற்றிவிட்டு வரலாமென்று நாங்களும் போனோம். கொப்பன்ஹேகனிலிருந்து இரண்டு மணி நேரப் பறப்புத்தான். வாகர் தீவில், யுத்தகாலத்தில் பிரித்தானியப் படை கட்டிய விமான நிலையத்தில் இறங்க வேண்டும். மூடுபனி என்றால் இறங்கவும் ஏலாது. எங்களுக்கு அதிர்ஷ்டம், வெறும் மழைதான்.

பதினெட்டுத் தீவுகள், ஏறக்குறைய 55,000 சனம். ஆடுகள் சனத்தைவிடக் கூட, எழுபதாயிரம் அளவில் என்கிறார்கள். மரம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை மலை, கறுத்தப் பாறை, கீழே கடல். டென்மார்க் முடியின் கீழ்தான் இருக்கிறார்கள், ஆனால் 1948 இலிருந்து தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள். நான் இத்தனை வருடம் டென்மார்க்கில் இருந்தும், போகும்வரை இதில் பாதிகூடத் தெரியாது. வெட்கம்தான்.

உனக்கு எழுத நினைத்தது உதைபந்தாட்டக் கதை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்டம் மட்டும்தான் பெட்டைகளுக்கு என்று எங்களை மதிலோரம் நிறுத்தி, பெடியன்கள் பந்தடிப்பதைப் பார்க்க வைத்தார்களே, அந்தக் கோபம் உனக்கு இன்னும் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இப்போது மகாஜனாக் கல்லூரிப் பெட்டைகள் பந்தடித்துக் கிண்ணம் வெல்வதைப் பார்க்கும்போது கொஞ்சம் ஆறும்.

ஒரு சனிக்கிழமை கிளாக்ஸ்விக்குக்குப் போனோம். ஐயாயிரம் பேர் அளவில் வாழும் மீன்பிடித் துறைமுகம். 2006 இல் கடலுக்கடியால் சுரங்கப்பாதை போட்ட பிறகுதான் காரில் போகலாம், அதற்கு முன் படகு. மைதானத்தைச் சுற்றிச் சிலர் காருக்குள் இருந்தபடியே ஆட்டம் பார்த்தார்கள். காற்று என்றால் காற்று! கோல் காப்பாள் பந்தை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போவதற்குள் அது தானாக உருண்டு போகிறது. முந்தியெல்லாம் தண்ட உதை அடிக்கும்போது இன்னொருத்தி படுத்திருந்து பந்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விதியே இருந்ததாம். எனக்குப் பக்கத்திலிருந்த அம்மா சிரிக்காமல் சொன்னார், நான் சிரித்துவிட்டேன்.

இந்த ஊர்க் கழகம் கே.ஐ., 2000 இலிருந்து 2016 வரை பெண்கள் லீக்கை ஒரு வருடமும் விடாமல் வென்றிருக்கிறது. பதினேழு முறை! அங்கே பெண்களுக்கு லீக் தொடங்கியதே 1985 இல்தான். ஊரில் அசைக்க ஆளில்லை, ஐரோப்பியப் போட்டிக்குப் போனால் பெரிய கழகங்களிடம் அடி வாங்கி வருவார்கள். அப்படி வாங்கிய காலத்திலும் கோல் அடித்துக்கொண்டிருந்த முன்கள வீராங்கனை ரன்வா அந்திரியாசன். அந்தப் பெயரைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தேசிய அணியும் ஏறக்குறைய அதே கதைதான். 2019 இல் ஐரோப்பியக் கிண்ணத்துக்கான தகுதி ஆட்டத்தில் நோர்வேயிடம் 13–0 என்று தோல்வி. அந்தக் குழுவில் வேல்ஸ், வட அயர்லாந்து, பெலாரஸ் வேறு. 2020 டிசம்பரில் பெல்பாஸ்ரில் கடைசி ஆட்டத்தில் இவர்களை 5–1 என்று வென்றுதான் வட அயர்லாந்துப் பெண்கள் பிளே-ஓஃப் என்ற கடைசித் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள், அதையும் வென்று முதன்முதலாக ஐரோப்பியக் கிண்ணத்துக்குள் கால் வைத்தார்கள். அன்று அழுது கட்டிப்பிடித்தவர்களை எல்லோரும் படம் எடுத்திருப்பார்கள். எதிரே நின்றவர்கள் உடுப்பு மாற்றப் போயிருப்பார்கள். எனக்கென்னவோ அந்த மற்றப் பதினொரு பேரைப் பற்றித்தான் யோசனை.

ஆண்கள் அணிக்கு 1990 இல் ஒஸ்திரியாவை 1–0 என்று வென்ற கதை இருக்கிறது. சொந்த நாட்டில் புல் மைதானம் இல்லாமல் சுவீடனில் போய் ஆடி வென்றார்கள், கோல் காப்பாளர் தலையில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. அங்கே யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் 2001 இல் தீவுகள் விளையாட்டு விழாவில் முதன்முறையாகப் பெண்கள் உதைபந்தாட்டம் வைத்தபோது தங்கம் வாங்கியது இவர்கள் பெட்டைகள். நான் சந்தித்தவர்களில் அதை யாரும் தானாகச் சொல்லவில்லை, நான் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தோற்பதற்குக் காரணம் காற்றோ புல்லோ இல்லை என்றார் அந்த அம்மா. பள்ளிக்கூடம் முடிந்ததும், பத்தொன்பது இருபது வயதில், பெட்டைகள் படிக்க டென்மார்க்குக்குப் போய்விடுகிறார்கள். பெடியன்களுக்குக் கப்பல் இருக்கிறது, மீன் இருக்கிறது, அவர்களில் நிறையப் பேர் தங்கிவிடுவார்கள். போன பெட்டைகளில் பலர் திரும்புவதில்லை. சில வருடங்களுக்கு முன் கணக்குப் பார்த்தபோது ஆண்களைவிடப் பெண்கள் இரண்டாயிரம் அளவில் குறைவாம். தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கலியாணம் செய்து வந்த பெண்கள் சின்னச் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். ஒருத்தியோடு கடையில் கதைத்தேன், பரோயே மொழி தண்ணீர் மாதிரி வருகிறது.

இப்போது யோசித்துப் பார். பதினாறு வயதிலிருந்து வளர்த்து, சேர்ந்து ஆடப் பழக்கி, சரி இனிமேல் இவர்கள் அணி என்று பயிற்சியாளர் நினைக்கும் நேரத்தில் பாதிப்பேர் விமானம் ஏறுகிறார்கள். மிச்சம் இருக்கிறவர்களையும் கைப்பந்தாட்டம் (ஹாண்ட்போல்) இழுக்கிறது. 2024 இல் கைப்பந்தில் இந்தப் பெண்கள் ஐரோப்பியக் கிண்ணத்துக்கே போய்விட்டார்கள். கூரைக்குக் கீழே, காற்றில்லாமல் ஆடலாம், நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஆனாலும் தேசிய அணி கூப்பிட்டால் வருகிறார்களாம். படிக்கிற இடத்திலிருந்தும் வேலையிலிருந்தும் லீவு கேட்டு, அந்தச் சில நாளுக்கு. அம்மா வீட்டில் படுத்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு, கொடியைப் பார்த்துப் பாடி, ஆடிவிட்டுத் திரும்புவார்கள். ஒலிம்பிக் என்றால் டென்மார்க் கொடியின் கீழ்தான் போக வேண்டும். உதைபந்தில் என்றால் 1988 இலேயே ஃபிஃபாவில் சேர்ந்துவிட்டதால் சொந்தக் கொடி. கிரீன்லாந்தும் அதே முடியின் கீழ்தான், பாவம், அவர்களுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. 2025 இல் வட அமெரிக்கப் பக்கத்துச் சம்மேளனத்தில் கேட்டுப் பார்த்தார்கள், அங்கும் இல்லையென்று விட்டார்கள்.

அந்த அம்மாவின் மகளும் கொப்பன்ஹேகனில்தான். எங்கள் வீட்டிலிருந்து மூன்று பஸ் தரிப்புத் தூரம். சாப்பாடு ஏதும் கொடுத்து விடட்டுமா என்று கேட்டார். காய வைத்த ஆட்டிறைச்சி. மணம் எப்படி என்று கேட்காதே, கைப்பையை மூன்று நாள் பல்கனியில் தொங்கவிட்டேன். போன ஞாயிறு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டை வாசலிலேயே நின்று ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு, பரீட்சை இருக்கிறது என்றாள்.

சரி, உன் முழங்கால் எப்படி? எண்ணெய் போடுகிறாயா, அல்லது டொக்டரிடம் காட்டினாயா? அத்தானுக்கு என் அன்பைச் சொல். மார்கழியில் இவரின் தம்பி ஊருக்கு வருகிறார். அவரிடம் உனக்கொரு கம்பளிச் சால்வை கொடுத்து விடுகிறேன், அந்த ஊர் ஆட்டு மயிரில் பின்னியது. யாழ்ப்பாண வெயிலுக்கு எதற்கென்று திட்டாதே. கோயிலுக்கு விடியப் போகும்போது போட்டுக்கொள்.

என்றும் உன்,
வதனி