மூன்று செக்கன் காத்திருத்தல்

யாழ்ப்பாணம்,
பங்குனி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சிவராத்திரிக்கு மறுநாள் கிடைத்தது. மட்டக்களப்பில் அறுவடை முடிந்து எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே பனங்கிழங்கு கிண்டி முடிந்து முற்றத்தில் ஒடியல் காய்கிறது. அதில் ஒரு பங்கை மாவாக்கி உமக்கு அனுப்பவேண்டும் என்று வீட்டில் எடுத்துவைத்திருக்கிறார்கள். இனி நீர் கேட்ட விடயத்துக்கு வருகிறேன்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி ஒழுங்குசெய்யும் பொறுப்பு உம்மிடம் வந்திருப்பதாகவும், கல்வி ஆய்வு என்று இத்தனை காலமாக எழுதப்பட்டவற்றில் வகுப்பறையில் வெண்கட்டியோடு நிற்கும் ஓர் ஆசிரியருக்கு உதவக்கூடியது ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தீர். உண்டு என்பதே என் பதில். ஆனால், அது ஆசிரியரின் கைக்கு வந்து சேரும் வழி பிழைத்துப்போயிருக்கிறது. இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது, தை மாதத்தில் நான் பின்வாங்கிலில் இருந்து பார்த்த ஒரு பாடம்.

ஓய்வுபெற்ற பின்னரும் கட்டுறுபயில்வில் உள்ள சில ஆசிரிய மாணவரின் பாடங்களைப் பார்க்கப் போய்வருகிறேன் என்பது உமக்குத் தெரியும். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில், இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டைப் பாடசாலையிலேயே கட்டுறுபயில்வாகக் கழிக்கிறார்கள். எங்கள் ஆசிரியக் கல்வி ஒழுங்குகளில் நான் மிகவும் மதிப்பது இந்த ஓர் ஆண்டைத்தான். கோப்பாயில் உள்ள அத்தகைய கல்லூரியில் படித்து வந்த ஒரு பெண், தரம் 7 இல் பின்னங்களின் கூட்டலைக் கற்பித்துக்கொண்டிருந்தார். பாடக்குறிப்பு நேர்த்தியாக இருந்தது, மட்டையில் வட்டங்களை வெட்டிக் கொண்டுவந்திருந்தார், குரலும் தெளிவு. ஆயினும், பாடம் பாதிக்கு வந்தபோது வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள் மட்டுமே அவரோடு இருந்தார்கள். ஏன் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அவர் ஒவ்வொரு கேள்வியைக் கேட்ட பின்னும் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று பார்த்தேன். ஒரு செக்கன், சில வேளை அதுவும் இல்லை. கேள்வியைக் கேட்பார், முன்வரிசையில் ஒரு கை எழும், அந்தப் பிள்ளை சொல்லும், அவர் "சரி" என்று அடுத்ததுக்குப் போவார். கை எழாவிட்டால் விடையைத் தாமே சொல்லிவிடுவார்.

இதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே ஒலிப்பதிவுகளைக் கொண்டு அளந்து காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பொதுவாக ஒரு செக்கனளவே காத்திருக்கிறார்கள் என்பதும், பிள்ளை விடை சொன்னபின் இன்னும் விரைவாக வாயைத் திறந்துவிடுகிறார்கள் என்பதும் அவர் கண்டவை. அந்த இடைவெளியை மூன்று செக்கனாக நீட்டியபோது விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகள் பேசினார்கள். ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் விடைக்கு மறுமொழி சொன்னது. ஆசிரியர் கேட்கும் கேள்விகள் எண்ணிக்கையில் குறைந்து தரத்தில் உயர்ந்தன. என்னை மிகவும் வருத்தியது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு: கெட்டிக்காரர் என்று ஆசிரியர் எண்ணும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் நேரத்தைவிட, கற்றலில் பின்தங்கியவர் என்று எண்ணப்படும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் நேரம் குறைவு. யோசிப்பதற்குக் கூடுதலான நேரம் வேண்டிய பிள்ளைக்கே நாங்கள் குறைவாகக் கொடுக்கிறோம். நானும் முப்பது வருடம் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்க மனம் கனத்தது.

பாடம் முடிந்ததும் அந்த ஆசிரிய மாணவியிடம் நான் குறை சொல்லவில்லை. அதிபரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, ஒரு பாடவேளையைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, வீட்டில் இருந்து கேட்கும்படியும் கேட்டுமுடித்ததும் அழித்துவிடும்படியும் மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் வந்தவர், "சேர், நான் பிள்ளைகளைக் கதைக்கவே விடவில்லை" என்றார். இதை நான் சொல்லியிருந்தால் அது மேற்பார்வையாளரின் குறிப்பாகவே இருந்திருக்கும். தம்முடைய காதால் கேட்டபடியால் அது அவருடைய கேள்வியாயிற்று.

அடுத்த கிழமை அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் கேட்டுவிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு நின்றார். சுவரோரத்தில் இருந்த ஒரு பையன் "ஐந்தில் இரண்டு" என்றான். முன்பென்றால் "பிழை, வேறு ஆர்?" என்று போயிருப்பார். இப்போது விடைக்குப் பின்னும் பொறுத்தார். அந்த மௌனத்தில் பையன் தானாகவே தொடர்ந்தான்: "முதல் இரண்டு பந்தில் ஒன்றை அடிச்சேன், பிறகு மூன்று பந்தில் ஒன்றை அடிச்சேன். மொத்தம் ஐந்து பந்தில் இரண்டு தானே ரீச்சர்?"

நண்பரே, அந்தப் பிள்ளையின் கணக்கில் பந்துகளைப் பொறுத்தவரை ஒரு பிழையும் இல்லை. இரண்டு பந்தும் மூன்று பந்தும் வெவ்வேறு முழுமைகள் என்பதும், பின்னங்களைக் கூட்டும்போது இரண்டும் ஒரே முழுமையின் பகுதிகளாக இருக்கவேண்டும் என்பதுமே அவனுக்கு எட்டவில்லை. தொகுதி எனப்படும் மேலெண்ணை மேலெண்ணோடும், பகுதி எனப்படும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டும் இந்தத் தவறு உலகமெங்கும் உள்ள பிள்ளைகளிடம் காணப்படுவது; ஆனால், அதன் பின்னால் இருக்கும் நியாயத்தை எத்தனை ஆசிரியர் கேட்டிருப்போம்? அந்த ஆசிரிய மாணவி மறுநாள் ஆறு சதுரங்கள் கொண்ட ஒரே பட்டையை வரைந்து, அதில் அரைவாசி மூன்று சதுரம், மூன்றில் ஒன்று இரண்டு சதுரம், சேர்த்தால் ஆறில் ஐந்து என்று பிள்ளைகளைக் கொண்டே நிறந்தீட்டுவித்தார். அப்போது ஒரு சிறுமி, "ஐந்தில் இரண்டு எண்டால் அரைவாசியிலும் குறைஞ்சுபோகுமே, கூட்டினால் எப்படிக் குறையும்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தக் கேள்வி எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஓர் ஆசிரியருக்குப் பயன்படும் ஆய்வு என்று நான் கருதுவது இதைத்தான். தம் வேலையில் உள்ள ஒரு பிரச்சினையைத் தாமே ஆராய்ந்து மாற்றிப்பார்ப்பதைச் செயல்நிலை ஆய்வு என்பார்கள். அந்தச் சொல்லை 1946 இல் பரவச்செய்த உளவியலாளர் கேர்ட் லெவின் சமூகப் பிரச்சினைகளை மனத்திற்கொண்டே எழுதினார். அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோறி 1953 இல் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லோறன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975 இல், ஆசிரியரின் வேலையைப் பிறர் ஆராய்வது மட்டும் போதாது, ஆசிரியரே அதை ஆராயவேண்டும் என்று வற்புறுத்தினார். இந்தப் பெயர்கள் எங்கள் ஆசிரிய மாணவருக்கும் தெரியும். பரீட்சையில் எழுதுகிறார்கள். ஆனால், அவர்கள் ஒப்படையாகக் கொடுக்கும் செயல்நிலை ஆய்வு அறிக்கைகளை நான் ஆண்டுக்கணக்காகத் திருத்தியிருக்கிறேன். "வாசிப்புத் திறனை மேம்படுத்தல்", "கணித அடைவை உயர்த்தல்" என்று எல்லாம் ஒரே அகலமான தலைப்புகள். முன்சோதனை, பின்சோதனை, இடையில் ஓர் உத்தி. பின்சோதனையில் புள்ளி கூடாத ஓர் அறிக்கையையும் நான் கண்டதில்லை. ஒரு தவணை முழுவதும் படிப்பித்தால் எந்தப் பிள்ளைக்கும் புள்ளி கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதற்கும் அந்த உத்திக்கும் தொடர்பு உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. சரிவராத முயற்சியை நேர்மையாக எழுதினால் புள்ளி குறைந்துவிடும் என்று ஆசிரிய மாணவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் திருத்திய நாங்களே. பிறகு அந்தக் கட்டுகள் அலுமாரிக்குள் போய்விடும்.

கருத்தரங்குகளின் நிலையும் இதுதான். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த அமெரிக்கர்களான புறூஸ் ஜொய்சும் பெவெர்லி ஷவர்ஸும் 1980களில் இருந்து எழுதிவந்ததன் சாரம் இது: ஒரு முறையை விளக்கிச் சொல்வதாலும் செய்து காட்டுவதாலும் ஆசிரியருக்கு அது விளங்கும், ஆனால், அவர் தம் வகுப்பில் அதைச் செய்துபார்க்கும்போது அருகில் இருந்து பார்த்துக் கதைக்க ஒருவர் இல்லாவிட்டால் அது வகுப்பறைக்குள் நிலைக்காது. 2007 இல் எங்கள் பாடத்திட்டத்தில் தரம் 6 இலும் 10 இலும் தொடங்கிய ஐந்து படிநிலை முறையை நினைத்துப் பாரும். ஈடுபடல், தேடியறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்பது நல்ல ஒழுங்குதான். ஆனால், பல இடங்களில் அது பாடக்குறிப்பில் ஐந்து தலைப்புகளாக மட்டுமே வந்து சேர்ந்தது. பிள்ளை தேடியறிவதற்கு மௌனமான நேரம் வேண்டும் என்பதை எந்தத் தலைப்பும் ஆசிரியருக்குப் பழக்கிவிடாது.

ஆகவே, உமது திட்டத்தில் ஒருநாள் கருத்தரங்குகளைக் குறைத்து, அருகருகே உள்ள மூன்று நான்கு பாடசாலைகளின் ஒரே பாட ஆசிரியர்களைச் சேர்த்துவிடும். ஜப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பாட ஆய்வு இந்த வகையானது: சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள்; ஒருவர் கற்பிக்கிறார்; மற்றவர்கள் ஆசிரியரை விட்டுப் பிள்ளைகளையே கவனிக்கிறார்கள்; பிறகு கண்டதைக் கதைத்துப் பாடத்தைத் திருத்துகிறார்கள். கவனிப்பவர் பிள்ளையைப் பார்ப்பது முக்கியம். ஆசிரியரைப் பார்த்தால் அது மேற்பார்வையாகிவிடும், அவருக்குக் கை நடுங்கும். ஆசிரிய ஆலோசகரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கட்டும், படிவம் நிரப்பவேண்டாம்.

கொப்பி திருத்துவது பற்றியும் கேட்டிருந்தீர். றூத் பட்லர் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி மாணவருக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதியினருக்குக் குறிப்புரை மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். புள்ளியும் சேர்ந்து வந்தபோது குறிப்புரை பயன்தரவில்லை. புலமைப்பரிசில் பரீட்சையையும் சாதாரண தரத்தையும் எண்ணிக்கொண்டு வாழும் எங்கள் பெற்றோர் புள்ளி இல்லாத கொப்பியை இலகுவில் ஏற்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு தவணைக்கு, ஒரு வகுப்பில், பெற்றோரைக் கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்துபார்க்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கும் அது பொருந்துமா என்பதை எங்கள் ஆசிரியர்தான் கண்டு சொல்லவேண்டும். 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கிய நாவலர், படிப்படியாகக் கற்கும்படி பாலபாடங்களை எழுதினார். படிப்பித்தவரே அதைப் பற்றி எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்று இதைச் சொல்கிறேன்.

அந்த ஆசிரிய மாணவி இப்போது ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் தாம் கேட்ட கேள்வி, வலப்பக்கத்தில் பிள்ளைகள் சொன்னது, பிள்ளைகளின் சொல்லிலேயே. சரிவராத நாட்களையும் எழுதுகிறார். அவருடைய சம்மதத்தோடு சில பக்கங்களைப் பிரதி எடுத்து, பிள்ளைகளின் பெயர்களை மறைத்து, ஒடியல்மாவோடு அனுப்புகிறேன். திங்கட்கிழமை தசமம் தொடங்குகிறார். 0.5 பெரியதா 0.35 பெரியதா என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கப் போவதாகச் சொன்னார். முப்பத்தைந்து ஐந்திலும் பெரியது என்று பலர் சொல்வார்கள் என்பது என் எண்ணம், ஆனால் காரணமாக என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் பின்வாங்கிலில் இருப்பேன். கேட்டதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்