அது வால் நட்சத்திரம் இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சனிக்கிழமை உங்கள் பத்திரிகையில், 'வானில் வால் நட்சத்திரம்: தோட்ட மக்கள் பீதியில் கோயிலுக்கு ஓட்டம்' என்று போட்டிருந்தீர்கள். நான் அந்தத் தோட்டத்து ஆள். 27 வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவள். இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோசை சுட்டு விற்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.20-க்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். ஈப்போ பக்கமிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் கிளம்பி, கோலகங்சார் பக்கம் போய் இரண்டாக உடைந்து அணைந்தது. நாலைந்து நொடிதான். அதற்குள் செம்பனை மட்டைகளின் நிழல் தரையில் ஓடியது. மூன்று நிமிடம் கழித்து, தூரத்து இடி மாதிரி ஓர் உறுமல். யாரும் ஓடவில்லை ஐயா. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற எல்லாரும், வங்காளதேசத் தம்பிகள் உட்பட, அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். கோயிலுக்குப் போன பெண்கள் எல்லா வெள்ளிக்கிழமையும் போகிறவர்கள்.

வால் நட்சத்திரம் வாரக்கணக்கில் வானத்தில் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நொடியில் எரிந்து அணைவது எரிகல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், மூன்று நிமிடம் என்றால் அது 60 கிலோமீட்டருக்கு அப்பால் உடைந்திருக்கிறது என்று என் பேத்தி கணக்குப் போட்டாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

கடிகாரம் இல்லாத காலத்தில், அறுமீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாளியைத் தூக்கியவர் என் அப்பா. வானம் எங்களுக்குப் புதிதில்லை. போன வருடம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒன்பது நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினேன், ஒரு வரி வரவில்லை. தோட்டம் என்றால் கள்ளும் சண்டையும் பீதியும்தான் செய்தியா?

எழுத வேண்டியது வேறு இருக்கிறது. 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் ஏறக்குறைய 1,500 பேர் காயப்பட்டார்கள். வெளிச்சத்தைப் பார்த்துச் சன்னலுக்குப் போனவர்கள்மேல், பின்னால் வந்த அதிர்ச்சி அலை கண்ணாடியை நொறுக்கியது. வெளிச்சம் கண்டால் சன்னலை விட்டு விலகி நில்லுங்கள் என்று போட்டிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும்.

'எரிகல்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள், 'பீதி'யையும் எடுத்துவிடுங்கள். அப்புறம், ஈப்போ, தைப்பிங் பக்கம் பார்த்தவர்களை நேரமும் திசையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு ஊரின் திசை கிடைத்தால் உயரத்தைக் கணக்கிடலாமாம், பேத்தி காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், மலேசியா