பதின்மூன்று வயதில் ஒருத்தி எழுதிய கடிதம்

டீச்சரம்மாவுக்கு,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது. சாக்ரமெண்டோவில் மகன் வீட்டு வேலையிலேயே பொழுது போய்விடுகிறது, கோவித்துக்கொள்ளாதே. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடச் சொல், எங்கள் வீட்டுக்காரர் மாதிரி ‘அதான் நல்லாத் தெரியுதே’ என்று நடுவில் நிறுத்திவிடப் போகிறார்.

பேத்தி ஹாஸ்டலில் தாக்குப்பிடிப்பாளா என்று கேட்டிருந்தாய். அவள் வயசுப் பெண் ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வர்ஜீனியா ரீட். 1846 ஏப்ரலில் இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து மாட்டு வண்டிகளில் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய கூட்டத்தில் அவள் குடும்பமும் ஒன்று. டோனர் கூட்டம் என்று சொன்னால் அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும், பனியில் மாட்டிக்கொண்டு செத்தவர்களின் உடலைத் தின்றவர்கள் என்று. அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் அவளுக்கு அது உல்லாசப் பயணம்தான், பில்லி என்ற சொந்தக் குதிரைமேல் வந்தாள். வழியில் பாட்டி இறந்தாள், கான்சாஸில் புதைத்துவிட்டு நடந்தார்கள். அப்புறம் ஹேஸ்டிங்ஸ் என்ற ஆள் தொலைவு குறையும் என்று எழுதிவைத்த குறுக்கு வழியை நம்பினார்கள். பாதையே இல்லாத மலைக்காட்டை வெட்டி வழி போட்டு, உப்புப் பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் மாடுகளைப் பறிகொடுத்து வெளியே வருவதற்குள் பருவம் கடந்துவிட்டது. குதிரையும் ஓய்ந்துபோய் வழியில் நின்றுவிட்டது. மணல் மேட்டில் வண்டி ஏற்றும் தகராறில் அவள் அப்பா (வளர்ப்புத் தகப்பன், ஆனால் அவள் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை) ஒருவனைக் கத்தியால் குத்திவிட, அவன் செத்துப்போனான். கூட்டம் கூடி அப்பாவைத் தனியாகத் துரத்திவிட்டது. அன்று ராத்திரி இவள் ஒரு வேலையாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இருட்டில் அவர் போன தடத்தைத் தேடிப் போய்த் துப்பாக்கியும் சாப்பாடும் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் அவர் கலிபோர்னியா போய்ச் சேர்ந்திருப்பாரா, பனிக்குள் திரும்ப வந்து பிள்ளைகளை மீட்டிருப்பாரா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் சியரா நெவாடா மலையில் பனி வழியை அடைத்துவிட்டது. ஏரிக்கரைக் குடிசைகளில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தார்கள். கூரைமேல் போட்டிருந்த மாட்டுத்தோலை எடுத்து, மயிரைப் பொசுக்கி, கொதிக்க வைத்தால் பசை மாதிரி ஒன்று வரும், அதுதான் சாப்பாடு. கேஷ் என்ற வீட்டு நாயைக் கொன்று தலை, கால், தோல் எதையும் விடாமல் தின்றார்கள். அம்மா மட்டும் கிறிஸ்துமஸுக்காகக் கொஞ்சம் பீன்ஸ், உலர்ந்த ஆப்பிள், குடல் கறி, ஒரு துண்டு பன்றிக்கறி என்று யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள். பசியில் துடிக்கும் நாலு பிள்ளைகளுக்கு நடுவே வாரக்கணக்கில் அதைத் தொடாமல் வைத்திருந்த மனசை நினைத்துப் பார்.

ஜனவரியில் தம்பி தங்கைகளை மற்ற குடிசைகளில் விட்டுவிட்டு அம்மாவும் இவளுமாக மலையைக் கடக்கப் பார்த்தார்கள். ஐந்து நாளில் கால் உறைந்து திரும்ப வேண்டியதாயிற்று. பிப்ரவரியில்தான் முதல் மீட்புக் குழு வந்தது. பேட்டி (Patty) என்ற எட்டு வயதுத் தங்கையும் கடைக்குட்டியும் நடக்க முடியாமல் குடிசைக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்போது அந்தத் தங்கை, ‘மறுபடி என்னைப் பார்க்கவே முடியாமல் போனாலும் உன்னால் ஆனதைச் செய், அம்மா’ என்று சொன்னாளாம். ஐந்து வயதுத் தம்பிக்கு முன்னால் போனவர்களின் காலடிக் குழிகள் எட்டவில்லை, ஒவ்வொரு குழிக்கும் நடுவிலிருந்த பனி மேட்டில் முழங்காலை ஊன்றி ஏறி ஏறி வந்தான். ஒவ்வொரு அடிக்கும் அப்பாவும் சாப்பாடும் கிட்டே வருது என்று அவனைத் தேற்றிக்கொண்டே நடத்தினார்கள். இரண்டாவது குழுவோடு எதிரே வந்த அப்பா இவர்களைப் பார்த்துவிட்டு, மேலே போய் அந்த இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்தார். மொத்தக் கூட்டத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் பிழைத்தார்கள், ரீட் குடும்பத்தில் மலைக்குள் சிக்கிய ஐந்து பேரும் உயிரோடு வந்தார்கள். உதவிக்கு வந்த லூயிஸ், சால்வடோர் என்ற இரண்டு செவ்விந்தியர்களைக் கூட்டத்தில் சிலர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று தின்றதைப் பல இடங்களில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது தொண்டையில் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது இதன் பிறகு நடந்ததை. 1847 மே மாதம், மலையிலிருந்து இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஊரிலிருந்த மேரிக்கு (உறவுக்காரப் பெண்) வர்ஜீனியா ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். எழுத்துப்பிழை வரிக்கு வரி. பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிவிட்டு, நாங்கள் பட்டதில் பாதியைக்கூட எழுதவில்லை, ஆனால் கஷ்டம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது என்பது புரிகிற அளவுக்கு எழுதிவிட்டேன் என்கிறாள். இதைப் படித்து யாரும் மனம் தளர வேண்டாம், குறுக்கு வழியில் மட்டும் போகாதீர்கள், சீக்கிரம் நடையைக் கட்டுங்கள் என்கிறாள். அதே கடிதத்தில் கலிபோர்னியாவில் மாடும் குதிரையும் எவ்வளவு கொழித்திருக்கின்றன என்ற வர்ணனை, கல்யாணம் செய்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது, பெண்களிடம் சொல் என்று கிண்டல்! நாயைத் தின்ற பக்கத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் நடுவில் அவளுக்கு எந்த இடறலும் இல்லை. உறுதியான பெண் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுகிய முகத்தோடு இருப்பாள் என்றுதான் நாமிருவரும் நினைத்து வளர்ந்தோம், இல்லையா? இவள் கலகலவென்று வம்பு பேசுகிறாள்.

பனியில் கிடந்த நாட்களில், அதே கூட்டத்தில் வந்த பிரீன் என்ற கத்தோலிக்கக் குடும்பத்தின் குடிசையில் அவர்கள் ஜெபம் சொல்வதைக் கேட்டு, பிழைத்தால் கத்தோலிக்கராகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள், அந்த நேர்த்திக்கடனையும் தீர்த்தாள். பதினாறு வயதில் கல்யாணம், ஒன்பது பிள்ளைகள். கணவருக்குப் பார்வை போனதும் அவருடைய இன்சூரன்ஸ் தொழிலை எடுத்து நடத்தினாள். 1921 வரை இருந்தாள்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி, ‘தோலைக் காய்ச்சிக் குடிச்சிருக்காங்க, நீ ஹாஸ்டல் சாம்பாருக்கு அழறியே’ என்று ஆரம்பித்துவிடாதே, உன் டீச்சர் புத்தி எனக்குத் தெரியும். கடிதத்தை மட்டும் கொடு, அவளே படிக்கட்டும்.

பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுவோம், டிக்கெட் போட்டதும் தேதி சொல்கிறேன். இங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுது. பாதாம் என்று மட்டும் சொல்லாதே, போன தடவை சுமந்ததே போதும்.